சம்பளம் மட்டும்தான் காரணமா? நர்ஸ்கள் வேலையை விட்டுப் போவது ஏன்?

நர்ஸ் ஒருவர் ராஜினாமா கடிதம் கொடுத்தால், "வெளிநாட்டுல சம்பளம் அதிகம், அதான் போறாங்க" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அது பாதி உண்மைதான். மீதிக் காரணம் வார்டுக்குள்ளேயே இருக்கிறது.

ஒரு ஷிப்டில் எத்தனை நோயாளிகள்?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2002-ல் வெளியானது. ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரே ஒரு நோயாளி கூடினாலும், அவர் உடலும் மனமும் ஓய்ந்துபோகும் வாய்ப்பு 23% ஏறுகிறது. வேலை பிடிக்காமல் போகும் வாய்ப்பு 15% ஏறுகிறது. அதோடு நிற்கவில்லை. ஆபரேஷன் முடிந்த நோயாளி 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7% கூடுகிறது. ஆக, இது நர்ஸ்களின் மனக்குறை மட்டுமல்ல, பெட்டில் படுத்திருப்பவரின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

கலிஃபோர்னியா மாநிலம் இதற்குச் சட்டமே போட்டது. 2004-ல் அமலுக்கு வந்த அந்த விதிப்படி, ஐசியூவில் ஒரு நர்ஸுக்கு அதிகபட்சம் 2 நோயாளிகள். பொது வார்டில் 2005 முதல் 5 பேர். ஒருவர் சாப்பிடப் போனாலும் இந்தக் கணக்கு மாறக்கூடாது, அவர் இடத்தில் இன்னொருவர் நிற்க வேண்டும்.

பேச்சுக்கு மதிப்பு உண்டா?

1980-களில் அங்கே நர்ஸ் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. அப்போதும் சில மருத்துவமனைகளை விட்டு நர்ஸ்கள் போகவில்லை. ஏன் என்று பார்த்து 1983-ல் வெளியான அறிக்கை, அப்படிப்பட்ட 41 மருத்துவமனைகளுக்குக் 'காந்த மருத்துவமனைகள்' என்றே பெயர் வைத்தது. அங்கெல்லாம் முடிவெடுப்பதில் நர்ஸ்களுக்குப் பங்கு இருந்தது, டூட்டி நேரத்தில் நெகிழ்வு இருந்தது.

இங்கே என்ன நிலை?

சம்பளத்தை ஒதுக்கிவிட முடியாது. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த குழு, சிறிய தனியார் மருத்துவமனையிலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று 2016-ல் பரிந்துரைத்தது. கேரளா 2018-ல் அதைக் குறைந்தபட்ச ஊதியமாகவே அறிவித்தது.

தமிழ்நாட்டில் 2015-ல் எம்ஆர்பி தேர்வு எழுதி அரசு மருத்துவமனைகளில் சேர்ந்த நர்ஸ்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருஷத்தில் பணி நிரந்தரம் என்பதுதான் பேச்சு. தொகை பிறகு கூடியது, ஆனால் நிரந்தரம் பலருக்கு வருஷக்கணக்கில் தள்ளிப்போனது. அதே வார்டு, அதே நைட் டூட்டி, பக்கத்தில் நிற்கும் நிரந்தர நர்ஸுக்கோ பல மடங்கு சம்பளம். காலமுறை ஊதியம் கேட்டு அவர்கள் திரும்பத் திரும்ப சென்னையில் வந்து போராடுவது இதனால்தான்.