பச்சைத் திரையும் நம் பிள்ளைகளும்

சித்தூருக்கும் வேலூருக்கும் இடைப்பட்ட குடிபாலாவில் நம் பிள்ளைகள் தமிழ் பேசுவர். பலர்க்கு எழுத்துத் தெரியாது. ஆகவே தமிழ் வகுப்புக்குச் சிறு விளம்பரப் படம் எடுக்க முனைந்தோம்.

1989-ஆம் ஆண்டில் ஏவி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட 'ராஜா சின்ன ரோஜா'வில் ரஜினிகாந்துடன் வரைசித்திர விலங்குகளும் தோன்றின. அதனை நினைந்தே பிள்ளைகளைப் பச்சைத் துணியின் முன் நிறுத்தினோம். பச்சை நிறம் மனித மேனியினின்றும் வெகுவாக வேறுபட்டது. ஆதலின் கணினி அதனை எளிதில் நீக்கிவிடும். அவ்விடத்தில் அணில் துள்ளும் சித்திரத்தைப் பொருத்தினோம். துணியில் சுருக்கமும் நிழலும் கூடா. ஒளி சமமாக விழல் வேண்டும்.

ஒரு சிறுமி பச்சைப் பாவாடை உடுத்தி வந்தாள். திரையில் பார்த்தால், பாவாடை இருந்த இடத்தில் அணில் துள்ளிற்று!

பாவாடையை மறுநாளே மாற்றிவிட்டோம். பிள்ளைகளிடம் மறையும் எழுத்தை மீட்பதற்கு நாள் கடத்தலாகாது. வகுப்புக்கு அனுப்புவீராக!