பிள்ளைகளுக்கு எந்தப் புத்தகம்?

பிள்ளையின் டியூசனுக்கும் பயிற்சிப் புத்தகத்துக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கிறோம். அதே பிள்ளை ஒரு கதைப் புத்தகம் கேட்டால், "அது சோறு போடுமா?" என்கிறார் வாப்பா. உம்மாவும் தலையாட்டி விடுகிறார்.

சகோதரிகளே, கதையை அற்பமாக எண்ண வேண்டாம். யூசுப் நபி (அலை) அவர்களின் வரலாற்றை அல்குர்ஆன் ஒரே சூராவில் தொடர்ச்சியாகச் சொல்கிறது. நமது கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் 'அசன்பேயுடைய கதை' என்ற நாவலையும் எழுதினார். சமுதாயத்தைத் திருத்த முனைந்த அவர் கதையை வீண் என்று தள்ளவில்லை.

அப்படியானால் எதை வாங்குவது?

சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு சிபில் வெத்தசிங்க 1956இல் சிங்களத்தில் எழுதிய 'குட ஹொரா' இன்றும் நல்ல துணை. வாங்கி வரும் குடையெல்லாம் காணாமற் போகும் கிரி மாமாவின் கதை அது. சிங்கள அயலவர்களோடு வாழும் வத்தேகமப் பிள்ளைகளுக்கு, படத்தைக் காட்டியே உம்மா அதைத் தமிழில் சொல்லிவிடலாம்.

எட்டு, ஒன்பது வயதைத் தாண்டியோருக்கு, இந்திய சாகித்திய அக்கடமியின் பால சாகித்திய விருது பெற்ற இரண்டு தமிழ் நூல்களைச் சொல்வேன். ஒன்று, 2023இல் விருது பெற்ற உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. கீழடியின் பழங்காலத்துக்கு அது பிள்ளையை அழைத்துச் செல்கிறது. மற்றது, 2020இல் விருது பெற்ற எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. தகாத முறையில் யாரும் தொட்டால் அதை மறைக்காமல் வீட்டில் சொல்லும் தைரியத்தைப் பிள்ளைக்கு ஊட்டும் நூல் இது. நாம் சொல்ல வெட்கப்படும் விஷயத்தை ஒரு பொம்மை சொல்லிக் கொடுக்கிறது.

வளர்ந்த குமர்ப் பிள்ளைகளுக்கு, புதியதல்லாவிட்டாலும் ஒன்று. வைக்கம் முகம்மது பஷீர் 1951இல் மலையாளத்தில் எழுதிய 'எங்க உப்பாப்பாவுக்கொரு ஆனையிருந்தது' தமிழிலும் உண்டு. பழம்பெருமை பேசும் வீட்டில் எழுத்தறியாமல் வளர்ந்த குஞ்ஞுபாத்துமாவுக்கு, பக்கத்து வீட்டுப் பெண் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாள். நம் வீடுகளையே கண்ட மாதிரி இருக்கும்.

விலை கூடுதல்தான். நான்கு வீட்டார் ஆளுக்கொன்று வாங்கி மாற்றிக் கொள்ளலாம். கண்டிக்குப் போகும் நாளில் டி. எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்த நூலகத்துக்கும் பிள்ளையைக் கூட்டிச் செல்லலாம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். எந்த நூலையும் முதலில் நீங்கள் வாசியுங்கள். பிறகு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு யாரைப் பிடித்தது? ஏன்?" என்று கேளுங்கள். பரீட்சை வைப்பது போல் கேட்க வேண்டாம். கதையில் வரும் பிள்ளையின் கஷ்டத்தை உம்மாவிடம் பேசிப் பழகிய மகள்தான், தனக்கொரு கஷ்டம் வரும்போதும் முதலில் உம்மாவிடம் வருவாள்.