'அனுப்பு' என்றால் புரளி. 'திற' என்றால் ஆபத்து!



"யக்கா, அந்த வீடியோவைத் தொறந்தா போனே செத்துடுமாம். நியூஸ்லயே சொல்லிட்டாங்களாம். உடனே பத்துப் பேருக்கு அனுப்பிடுங்க!" இப்படி ஒரு எச்சரிக்கை வராத வாட்ஸ்அப் குரூப் உண்டா? எங்கள் காணைப் பக்கத்து மகளிர் குழுக்களில் தவணைக் கணக்குக்கு அடுத்தபடியாக இந்தப் பேச்சுதான். 'நல்லது செய்வோமே' என்றுதான் எல்லோரும் அனுப்புகிறார்கள். ஆனால் அப்படி வரும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை வெறும் புரளி. நிஜ வைரஸ் வேறு வேஷத்தில், வேறு வாசல் வழியாக வருகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் நம் பணம் பிழைக்கும்.

இந்தப் புரளி நேற்று முளைத்ததல்ல. 1994-லேயே 'குட் டைம்ஸ்' என்ற தலைப்பில் ஈ-மெயில் வந்தால் திறக்காதீர்கள், கம்ப்யூட்டரில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்று உலகம் முழுக்க எச்சரிக்கை சுற்றியது. அப்படி ஒரு வைரஸே கிடையாது! 2002-ல் இன்னொரு கூத்து. 'உங்கள் கம்ப்யூட்டரில் கரடி பொம்மைப் படம் போட்ட ஃபைல் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அது வைரஸ், அழித்துவிடுங்கள்' என்றது ஒரு மெயில். தேடினால் கரடி இருந்தது. பதறிப்போய் அழித்தார்கள். அது விண்டோஸோடு கூடவே வருகிற நல்ல ஃபைல்! வைரஸ் எதுவும் வராமலேயே, தங்கள் கம்ப்யூட்டரில் தாங்களே கை வைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

2025 மே மாதம் இந்தியா-பாகிஸ்தான் மோதல் நடந்தபோது, 'டான்ஸ் ஆஃப் தி ஹிலாரி' என்ற வீடியோ வைரஸ் வருகிறது என்று நம் ஊர் போன்களிலும் பரபரப்பு. இதே பெயரில் இதே புரளி 2016-லேயே சுற்றியதுதான். பழைய புடவைக்குப் புதுச் சாயம்!

'பொய்யாகவே இருந்தாலும் அனுப்பினால் என்ன நஷ்டம்?' என்று கேட்கலாம். 2018 மே மாதம் நமக்குப் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், போளூர் அருகே அத்திமூரில் நடந்ததை மறக்க முடியுமா? குலதெய்வக் கோயிலுக்கு வந்த சென்னைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஓடிய வதந்தியை நம்பியவர்கள் அவரை அடித்தே கொன்றுவிட்டார்கள். இப்படிப்பட்ட சாவுகள் நாட்டில் பல இடங்களில் நடந்த பிறகுதான், அந்த ஆண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. விசாரிக்காமல் கைமாற்றுகிற செய்தி உயிரையே வாங்கும்.

சரி, நிஜ வைரஸ் எப்படி வரும்? அது 'வைரஸ்' என்று பெயர் சொல்லிக்கொண்டு வராது. 2000-ஆம் ஆண்டு மே 4-ந்தேதி பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய வைரஸ், 'ஐ லவ் யூ' என்ற காதல் கடிதமாக வந்தது. ஆசையாகத் திறந்தவர்களின் போட்டோ ஃபைல்களை அழித்தது. அவர்கள் முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் தானாகவே போய்ச் சேர்ந்தது. வாங்கியவர்களும் தெரிந்தவர் அனுப்பியதுதானே என்று நம்பித் திறந்தார்கள்.

இப்போது காதல் கடிதத்துக்குப் பதில் கல்யாணப் பத்திரிகை! 2024 நவம்பரில் ஹிமாச்சலப் பிரதேச போலீசார் இதைப் பற்றி எச்சரித்தார்கள். எங்கள் தெருவில் ஒரு தங்கச்சிக்கும் வந்தது. அனுப்பியது அவள் சித்தப்பா நம்பர். தொட்டதும் 'இன்ஸ்டால் செய்யவா, எஸ்.எம்.எஸ். படிக்கவா' என்று கேட்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் சரி கொடுத்துவிட்டாள். விடிவதற்குள் குழுத் தவணைக்கு வைத்திருந்த எட்டாயிரம் ரூபாய் போய்விட்டது. பேங்கிலிருந்து வரும் ஓ.டி.பி. எண்ணை அந்தத் திருட்டு ஆப் படித்துவிட்டது. சித்தப்பாவின் போனும் இதே வழியில்தான் மாட்டியிருந்ததாம். பத்திரிகை வைக்க வந்தவர் பீரோ சாவியைக் கேட்பாரா? இந்த ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டால் போதும், சகோதரிகளே!

அடையாளம் சுலபம். 'எல்லோருக்கும் அனுப்பு' என்று துரத்தினால் அநேகமாகப் புரளி. 'இதைத் திற, இதை இறக்கு, அனுமதி கொடு' என்றால் நிஜ ஆபத்து. அன்பாகக் கேட்டாலும் சரி, 'டிராஃபிக் அபராதம் கட்டு', 'பேங்க் கணக்கு முடங்கும்' என்று மிரட்டிக் கேட்டாலும் சரி.

நான் கடைப்பிடிக்கிற சில வழிகள்:

* பத்திரிகை என்றால் போட்டோவாகவோ பி.டி.எஃப்.பாகவோதான் வரும். பெயரின் கடைசியில் 'ஏ.பி.கே.' என்ற மூன்று எழுத்து இருந்தால் தொடவே கூடாது. அனுப்பியவருக்கு ஒரு போன் போட்டு, "நீங்கதான் அனுப்பினீங்களா?" என்று கேட்டுவிட வேண்டும்.

* ஆப் வேண்டுமென்றால் பிளே ஸ்டோரில் மட்டும். டார்ச் லைட் ஆப்புக்கு நம் எஸ்.எம்.எஸ். எதற்கு? கேட்டால் மறுத்துவிடுங்கள்.

* போனோ லேப்டாப்போ 'அப்டேட்' கேட்டால் தள்ளிப்போடாதீர்கள். 2017 மே மாதம் 'வான்னாக்ரை' வைரஸ் உலகையே ஆட்டியபோது திருப்பதி தேவஸ்தானக் கம்ப்யூட்டர்கள் சிலவும் மாட்டின. அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் கொடுத்திருந்தது!

* பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த லேப்டாப் உள்ள வீடுகளில், ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென் டிரைவைச் சோதிக்காமல் திறக்க விடாதீர்கள். விண்டோஸிலேயே 'டிஃபெண்டர்' என்ற காவல்காரன் இலவசமாக இருக்கிறது. மத்திய அரசின் 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' இணையதளத்திலும் வைரஸ் நீக்கும் கருவிகள் இலவசம்.

* குடும்ப போட்டோ, சர்டிபிகேட் எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு காப்பி வேண்டும். காப்பி எடுத்ததும் அந்த டிரைவைக் கழற்றி பீரோவில் வையுங்கள்.

* பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அழுதுகொண்டு உட்காராதீர்கள். உடனே அந்த போனில் நெட்டை நிறுத்திவிட்டு, வேறு போனிலிருந்து பேங்குக்கும் 1930 என்ற எண்ணுக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

கடைசியாக ஒன்று. ஏமாந்த பெண்ணை 'உனக்கு எதுக்கு போனு?' என்று வீட்டில் திட்டுகிறார்கள். அந்தத் திட்டுக்குப் பயந்தே பலர் வெளியில் சொல்வதில்லை; திருடனுக்கு அதுதான் வசதி. பெரிய அலுவலகங்களே ஏமாந்திருக்கும்போது நாம் எம்மாத்திரம்? திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் 1930-க்குப் போன் போடச் சொல்லுங்கள்.

- ஒரு வாசகி, காணை.