போக்குக் காட்டும் கம்பு

சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் வாழும் தமிழன்பர்கள் பலரும் திரௌபதியம்மன் கோயில்களில் நடைபெறும் பாரத விழாவைக் கண்டிருப்பார்கள். திடலில் மண்ணாலான துரியோதனன் உருவம் மல்லாந்து கிடக்க, வீமனும் துரியோதனனுமாக வேடமிட்ட இருவர் கதை சுழற்றிப் போர் புரிவர். இறுதியில் கண்ணனின் குறிப்பறிந்து வீமன் பகைவனின் தொடையைப் பிளக்கிறான். கதைப்போரை இருவருக்கும் கற்பித்த ஆசான் பலராமன் கடுஞ்சினம் கொள்கிறான். அவன் எடுத்துரைத்த குற்றம் யாது? உந்திக்குக் கீழே அடித்தலாகாது என்ற போர்முறையை வீமன் மீறினான் என்பதே. இடப்பக்கம் ஓங்கி வலப்பக்கம் அடித்து வீமன் வென்றிருந்தால், அந்த ஆசான் ஒருவேளை மாணாக்கனை மெச்சியிருப்பான் என்றே நாம் கருதுகிறோம்.

இதை இங்கே நினைவூட்டக் காரணம் உண்டு. தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் நம்மவரிற் சிலர் இன்று தம் பிள்ளைகளைச் சிலம்பப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றதும் நாம் அறிந்ததே. தலைக்கு ஓங்கிக் காலுக்கு அடிக்கும் வித்தையைப் பிள்ளை வீட்டில் வந்து செய்து காட்டும்போது, “ஏமாற்றவா கற்றுக்கொடுக்கிறார்கள்?” என்று பெற்றோர் ஐயுறுவது இயல்பு.

இவ்வித்தையைப் போக்குக் காட்டுதல் என்பர். பேச்சு வழக்கில் பாவ்லா என்கிறோமே, அதுவே. இது பலிப்பதன் காரணம் மனித உடலின் அமைப்பிலேயே உள்ளது. கண்ணாற் கண்டதற்குக் கை மறுமொழி தர ஏறத்தாழ ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் வேண்டும். அருகில் நின்று வீசிய கம்போ அதற்குள் மேனியைத் தொட்டுவிடும். ஆகவே, தடுப்பவன் கம்பின் முனையை நம்பியிருக்க இயலாது. எதிரியின் தோள் அசைவு, இடுப்பின் திருப்பம், முன்வைத்த காலின் திசை இவற்றைக் கொண்டு வரப்போகும் அடியை முன்னரே ஊகிக்கிறான். போக்குக் காட்டுபவன் குறிவைப்பது அந்த ஊகத்தைத்தான். மேலும், ஒரு தூண்டலுக்கு மறுமொழி தொடங்கிய மனம் உடனடுத்து வரும் இரண்டாவது தூண்டலுக்குச் சற்றுத் தாமதித்தே மறுமொழி தருகிறது. 1931-ஆம் ஆண்டில் டெல்ஃபோர்ட் என்னும் உளவியலறிஞர் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். பொய்யடிக்குக் கம்பை உயர்த்தியவன் மெய்யடிக்குப் பிந்திப்போவது இதனாலேயே.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எதிரியின் அசைவை இன்னும் படிக்கத் தெரியாத புதிய மாணவனிடம் நுண்ணிய போக்குகள் பலிப்பதில்லை! அவன் எதையும் ஊகிப்பதில்லையாதலால் ஏமாறுவதற்கு இடமில்லை. தேர்ந்தவனே ஏமாறுகிறான்.

பொய்யடி பாதிவழி வரையில் மெய்யடியாகவே இருத்தல் வேண்டும். கை மட்டும் மேலே ஓங்கி, கால் அதற்கு உடன்படாமல் நின்றால், கூர்ந்து நோக்குபவன் கண்டுகொள்வான். கம்பைக் கையில் தருவதற்கு முன் ஆசான்கள் காலடிகளைப் பயிற்றுவதன் பொருள் இங்கே நன்கு விளங்கும். கண்ணையும் அடக்கவேண்டும், அடிக்கப்போகும் இடத்தைப் பார்ப்பவன் தன் கருத்தைத் தானே சொல்லிவிடுகிறான். சிலம்பத்திற்கென ஒரு தனி வசதியும் உண்டு: கம்பின் இரு முனைகளும் அடிக்கவல்லவை. ஒரு முனையைக் காட்டி எதிரியின் கம்பை அங்கே இழுத்துவிட்டு, மணிக்கட்டைத் திருப்பி மறுமுனையைச் செலுத்தலாம். வாளில் இத்தனை எளிதன்று.

இத்தனையும் களத்திற்குள் அனுமதிக்கப்பட்டவை. எதிரில் நிற்பவன் இதனை எதிர்பார்த்தே நிற்கிறான். அவனும் இதையே செய்கிறான். வணக்கம் செலுத்துமுன் அடிப்பதும், கம்பை இழந்து நிற்பவனை அடிப்பதும், விலக்கப்பட்ட உறுப்பைத் தாக்குவதும் வேறு. அவற்றில் எதிரியின் ஊகம் பிழைபடவில்லை. அவன் நம்பிய விதியே உடைபடுகிறது. உங்கள் பிள்ளை வீட்டு முற்றத்தில் தலைக்கு ஓங்கிக் காலைத் தொட்டால் கடிந்துகொள்ள வேண்டா. காலடி கையோடு இசைகிறதா என்று மட்டும் பாருங்கள். அடுத்த முறை கம்பின் முனையை விட்டு அவன் இடுப்பை நோக்குங்கள்.