கணக்கு உயிரைக் காப்பாற்றுமா?



புள்ளியியல் பாடம் நடத்தும்போது, "இந்த அட்டவணையெல்லாம் எதுக்குடி போடுறோம்?" என்று என் பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம்தான். இப்போது பதில் கிடைத்துவிட்டது.

டெங்கு வந்தால் சுகாதார ஆய்வாளர் என்ன செய்வார்? எந்தத் தெருவில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று எழுதிக்கொள்வார். எங்கே அதிகமோ, அந்தத் தெருவின் தண்ணீர்த் தொட்டிகளைப் போய்ப் பார்ப்பார். தற்கொலையைத் தடுப்பதற்கும் இப்படித்தான் கணக்கு உதவுகிறது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் அறிக்கையில் வயது, தொழில், காரணம் என்று தனித்தனி அட்டவணை உண்டு. 2022-ல் இந்தியாவில் தற்கொலையால் இறந்த மாணவ மாணவியர் மட்டும் 13,044 பேர். ஒவ்வொருத்தரும் நம்மள மாதிரி ஒரு பிள்ளை. காரணங்களில் 'தேர்வில் தோல்வி' என்றும் ஒரு வரி இருக்கிறது. தோல்வி தெரிவது ரிசல்ட் அன்றுதான். ஆகவே எந்த நாளில் அதிகக் கவனம் வேண்டும் என்பதை அந்த வரியே சொல்லிவிடுகிறது.

முன்பெல்லாம் பிளஸ் டூவில் ஒரு பாடம் போனாலும் ஒரு வருஷமே வீணாகிவிடும். சென்னையில் 1986-ல் 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் போன்றவர்கள் இதை எடுத்துச் சொன்னார்கள். பிறகு ரிசல்ட் வந்த கொஞ்ச நாளிலேயே துணைத்தேர்வு எழுதி, அதே வருஷம் கல்லூரியில் சேர வழி பிறந்தது. மாநில அளவில் ரேங்க் அறிவிப்பதையும் தமிழக அரசு 2017-ல் நிறுத்தியது.

அதே அறிக்கையில் எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால், குடும்பப் பிரச்சினையும் நோயும்தான் முதலில் வருகின்றன. அதனால் "மார்க் போச்சு, அதான் இப்படி" என்று யாரைப் பற்றியும் ஒரே காரணம் சொல்லி முடித்துவிடக் கூடாது. பல கஷ்டங்கள் சேர்ந்துதான் ஒருவரை அழுத்தும்.

அட்டவணைக்குத் தெரியாதது பக்கத்து பெஞ்சுக்குத் தெரியும். சாப்பாட்டை அப்படியே மூடி வைக்கிறவள், யாரோடும் பேசாதவள், "நான் இல்லாட்டி நல்லது" என்கிறவள் இருந்தால் சும்மா இருக்காதீங்க. "என்னாச்சு? சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. திட்டாமல், சிரிக்காமல் கேளுங்கள். ரகசியம் என்று சத்தியம் வாங்கினாலும் டீச்சரிடமோ பெரியவர்களிடமோ உடனே சொல்லுங்கள். அவள் கோபித்துக்கொண்டால் பரவாயில்லை, அப்புறம் பேசிக்கலாம்.

அடுத்த வருஷம் நமக்கும் பொதுத்தேர்வு. ரிசல்ட் அன்று யாரையும் தனியாக விடாமல் இருப்போம்.

இலவசமாகப் பேச: 14416 (டெலி மானஸ்), 104, குழந்தைகளுக்கு 1098. இந்த எண்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி