செங்கல்லுக்குப் பெயர் அப்பா
(இமயத்து ஊர்கள் – தொடர் 9)

பக்தபூரில் ஒரு வீட்டின் மூன்றில் ஒரு பங்கைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மற்ற இரண்டு பங்கும் பக்கத்திலேயேதான் இருந்தன, வேறு வேறு வீடுகளாக. இடதுபக்கம் பழைய செங்கல் சுவர், கறுத்துப்போன மரச்சன்னல், ஓட்டுக்கூரை. நடுவில் நாலு மாடி கான்கிரீட், அலுமினியச் சன்னல், மொட்டை மாடியில் கறுப்பு பிளாஸ்டிக் டேங்க். வலதுபக்கம் வெறும் இடம். பக்கத்துச் சுவர் சாயாமல் இருக்க முட்டுக்கொடுத்த கட்டைகள், அவற்றுக்கு நடுவே யாரோ போட்ட பூண்டுப் பாத்தி.

தாத்தா கட்டிய வீட்டை அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தால் இங்கே இப்படித்தான் ஆகும். மாடிக்கு ஒருவர் என்று பிரிப்பதில்லை. கூரையிலிருந்து அஸ்திவாரம் வரை நெட்டுக்குத்தாகக் கோடு போடுகிறார்கள். கோடு சன்னலுக்கு நடுவே போனால் சன்னலும் இரண்டு. கேட்பதற்கு விபரீதமாக இருந்தாலும் காரணம் இருக்கிறது. காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார்களின் வீட்டில் தரைத்தளம் மண்வெட்டிக்கும் தட்டுமுட்டுக்கும்; ஈரம் ஏறும், ஆள் படுக்க முடியாது. சமையலறை உச்சியில், கூரைக்கு அடியில். ஆகவே ஒருவனுக்குக் கீழ்த்தளம் மட்டும் கொடுத்தால் அவனுக்கு அடுப்பு இல்லை. மேல்தளம் மட்டும் கொடுத்தால் உருளைக்கிழங்கு மூட்டையை இறக்க இடமில்லை. மேலிருந்து கீழ்வரை எல்லோருக்கும் ஒரு கீற்று என்பதுதான் நியாயமான பங்கு. இரண்டு தலைமுறை இப்படியே பிரித்தால், கையை நீட்டினால் இரண்டு சுவரும் தொடுகிற வீடு மிஞ்சும்.

இந்தக் கீற்று வீடுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரின் மக்கள்தொகைக் கணக்கு அப்போதுதான் புரியும்.

காத்மாண்டிலிருந்து கிழக்கே 13 கிலோமீட்டர். வடக்கே ஒரு சிற்றாறு, தெற்கே ஹனுமந்தே ஆறு, நடுவில் நீளவாக்கில் படுத்திருக்கும் மேட்டில் ஊர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர். நகராட்சியின் மொத்தப் பரப்பு ஏழு சதுர கிலோமீட்டரைத் தொடவில்லை. நேபாளத்து நகராட்சிகளில் இதுவே மிகச் சிறியது. அதற்குள் 80 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவாக மக்கள். வகுத்துப் பார்த்தால் சதுர கிலோமீட்டருக்கு 11 ஆயிரத்துக்கும் மேல். அதிலும் ஊரைச் சுற்றி வயல் இருக்கிறது. அப்படியானால் மேட்டின் மேல் நெருக்கம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடலாம்.

2021 கணக்கெடுப்பில் ஒரு வேடிக்கை வெளிவந்தது. நேபாளத்தின் மக்கள்தொகை ஆண்டுக்கு ஒரு சதவீதம்கூட வளரவில்லை. பக்தபூர் மாவட்டமோ ஆண்டுக்கு 3.35 சதவீதம் வளர்ந்து நாட்டிலேயே முதலிடம். 2011-ல் 3,04,651 பேர் இருந்த மாவட்டத்தில் பத்தாண்டில் 4,32,132 பேர். ஆனால் அதே மாவட்டத்தின் தலைநகரான பக்தபூர் நகராட்சியில் 2011-ல் 81 ஆயிரத்துக்கும் மேல் இருந்த எண்ணிக்கை குறைந்திருக்கிறது! மாவட்டத்தில் நான்கே நகராட்சிகள். மத்தியபூர் திமி, சூர்யவிநாயக், சாங்குநாராயண் ஆகிய மூன்றும் வீங்குகின்றன. நடுவில் இருக்கும் பழைய ஊர் மட்டும் இளைக்கிறது. காத்மாண்டுக்கு வேலை தேடி வந்த வெளியூர்க்காரர்கள் அந்த மூன்றில் மனை வாங்குகிறார்கள். பழைய ஊரில் கீற்று வீடு போதாத தம்பிகளும் அங்கேதான் போகிறார்கள். 2015 நிலநடுக்கம் அந்தப் போக்கைத் துரிதப்படுத்தியது. வீடு விழுந்தபிறகு அதே கீற்றில் மறுபடி கட்ட எத்தனை பேருக்கு மனம் வரும்?

இனி மண்ணுக்கு வருவோம். காத்மாண்டுப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் ஏரி. ஏரி வற்றி விட்டுப்போன களிமண்தான் பக்தபூரின் மூலதனம். நெல்லும் உருளைக்கிழங்கும் அதில் விளைகின்றன. குயவர்களின் சக்கரத்தில் சுழல்வதும் அதுதான். ஊரின் புகழ்பெற்ற 'ஜுஜு தௌ', அதாவது தயிர்களின் ராஜா, அந்தச் சிவந்த மண்சட்டியில்தான் உறைகிறது. எருமைப்பாலில் இருக்கும் நீரைக் கொஞ்சம் சட்டி குடித்துவிடுவதால் தயிர் கத்தி வைத்து வெட்டும் பதத்துக்கு வந்துவிடுகிறது. ஊரைச் சுற்றிப் புகைக்கும் செங்கல் சூளைகளுக்கும் இதே மண்தான்.

நேவாரி மொழியில் செங்கல்லுக்கு 'அப்பா' என்று பெயர். சத்தியமாக! வீட்டின் முகப்புக்கு வைக்கும் மழமழப்பான உயர்ரகச் செங்கல் 'தாச்சி அப்பா'. ஆப்பு மாதிரி முன்பக்கம் பருத்துப் பின்பக்கம் ஒடுங்கி இருக்கும். அடுக்கினால் வெளியிலிருந்து சாந்து தெரியாது; செங்கல்லும் செங்கல்லும் ஒட்டிப் பிறந்த மாதிரி நிற்கும். சாந்து வெளியே தெரியாததால் மழை அதை அரிப்பதும் இல்லை. பழைய பகுதியில் வீடு கட்டுபவர் முகப்பை இந்தச் செங்கல்லிலும் மரச்சன்னலிலும் அமைக்க வேண்டும் என்பது நகராட்சியின் விதி. அப்படிக் கட்டினால் மானியமும் உண்டு. மானியம் கொடுத்தாலும் செலவு கான்கிரீட்டைவிட அதிகம் என்று முணுமுணுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே செங்கல் முகப்பு, உள்ளே கான்கிரீட் தூண் என்ற சமரச வீடுகளே இப்போது அதிகம். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. அடுத்த நிலநடுக்கத்தில் உயிரோடு இருப்பதும் மரபுதான்.

நகராட்சி என்றதும் குப்பையும் குழாயும் என்று நினைத்துவிடாதீர்கள். 2015-ல் வந்த நேபாள அரசியல் சாசனம் உள்ளாட்சியை மத்திய அரசின் கிளையாக வைக்கவில்லை. தனி அரசாகவே வைத்திருக்கிறது. எட்டாம் அட்டவணையில் 22 அதிகாரங்கள் உள்ளாட்சிக்கு மட்டுமே சொந்தம். பள்ளிக்கல்வி, அடிப்படை மருத்துவம், உள்ளூர் வரி எல்லாம் அதில் அடக்கம். நாடு முழுவதும் இப்படி 753 உள்ளாட்சிகள்; அவற்றில் 276 நகராட்சிகள். மாநகராட்சி, துணை மாநகராட்சி, கிராமப் பாலிகா என்னும் கிராம உள்ளாட்சி எல்லாம் தனி. பக்தபூர் மாவட்டத்தில் கிராமப் பாலிகா ஒன்றுகூட இல்லை. இதற்குமுன் இருபது வருடம் முறையான உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1997-க்குப் பிறகு 2017-ல்தான் மக்கள் தங்கள் வார்டுக்கு முறையாக ஓட்டுப் போட்டார்கள். இடையில் பெரும்பகுதி ஊரை ஆண்டவர்கள் அதிகாரிகள்.

பக்தபூரில் முன்பு 17 வார்டுகள். 2017 மறுசீரமைப்பில் பத்து. ஒவ்வொரு வார்டிலும் ஒரு தலைவர், நான்கு உறுப்பினர். நால்வரில் இருவர் பெண்கள். அந்த இருவரில் ஒருவர் தலித். நாட்டின் 6,743 வார்டுகளுக்கும் இதே விதி. அதனால் 2017-ல் ஒரே தேர்தலில் 6,500-க்கும் மேற்பட்ட தலித் பெண்கள் பதவிக்கு வந்தார்கள்.  ஆனால் மேலே போகப் போகக் கதை மாறுகிறது. மேயர், துணை மேயர் இரண்டுக்கும் ஆள் நிறுத்தும் கட்சி ஒருவரைப் பெண்ணாக நிறுத்த வேண்டும் என்கிறது சட்டம். கட்சிகள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் என்ன செய்தன? பெண்ணைத் துணைக்கு நிறுத்தின. 2017-ல் 753 உள்ளாட்சிகளில் துணைத் தலைமைக்கு வந்த பெண்கள் 700 பேர். தலைமைக்கு வந்தவர்கள் 18 பேர். பக்தபூரும் விலக்கல்ல. 2017-லும் 2022-லும் மேயர் சுனில் பிரஜாபதி, துணை மேயர் ரஜனி ஜோஷி.

துணை மேயர் பதவி வெறும் நாற்காலி இல்லை என்பது ஓர் ஆறுதல். மூவர் கொண்ட நீதிக் குழுவுக்கு அவர்தான் தலைவர். கூலிப் பாக்கி, வாய்க்கால் தண்ணீர், வயதான பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகள் என்று வழக்குமன்றம் வரை இழுக்க வேண்டாத சண்டைகள் அவர் முன் வருகின்றன. கீற்று வீடுகளின் ஊரில் இந்தக் குழுவுக்கு வேலை இல்லாமல் போகாது.

'பிரஜாபதி' என்பது குயவர்களின் குடும்பப் பெயர். இங்கே பெயரைக் கேட்டாலே பாட்டனின் தொழில் தெரிந்துவிடும். சில்பகார் மரச்சிற்பி, சித்ரகார் ஓவியர், தாம்ரகார் செம்புப் பாத்திரம் செய்பவர். பழைய ஊரின் வரைபடமே அந்த அடுக்குதான்: அரண்மனையை ஒட்டி மேல்சாதியார், மேட்டின் விளிம்பில், ஆற்றை நோக்கிய சரிவில், துப்புரவுத் தொழில் விதிக்கப்பட்டவர்கள். அழகான ஊர் என்று மெச்சும்போது அந்த விளிம்பையும் ஒருமுறை நடந்து பார்ப்பது நல்லது. நேவார்களில் பெரும்பான்மையோர் இங்கே ஜ்யாபு என்னும் உழவர்கள். நகரத்துக்குள் வீடு, ஊருக்கு வெளியே வயல். காலையில் மண்வெட்டியோடு நகரத்திலிருந்து வயலுக்குப் போவார்கள். நேபாள மஜ்தூர் கிசான் கட்சி, அதாவது தொழிலாளர் விவசாயிகள் கட்சி, வேர்விட்டது இந்த உழவர்களிடையேதான்.

நாராயண் மான் பிஜுக்சே, தோழர்களுக்கு 'ரோஹித்', 1975-ல் தொடங்கிய கட்சி அது. நாட்டின் மற்ற இடங்களில் இந்தக் கட்சியைத் தேடிப்பிடிக்க வேண்டும். பக்தபூரில் வேறு கட்சியைத் தேடிப்பிடிக்க வேண்டும். வட கொரியாவின் மீது இவர்களுக்கு இருக்கும் பிரியம் காத்மாண்டுப் பத்திரிகைக்காரர்களுக்கு ஓயாத நகைச்சுவை. சிரிக்க முடியாத பக்கமும் உண்டு. 1988 ஆகஸ்டில் நிலநடுக்க நிவாரணம் பற்றிய தகராறில் கட்சிகளுக்கு இடமில்லாத மன்னரின் பஞ்சாயத்து ஆட்சியில் உறுப்பினராக இருந்த கர்ண பிரசாத் ஹ்யோஜுவை ஒரு கும்பல் அடித்தே கொன்றது. பிஜுக்சே உட்படப் பலர் சிறைக்குப் போனார்கள். 1990-ல் மக்கள் போராட்டத்துக்கு மன்னராட்சி வளைந்துகொடுத்த பிறகுதான் வெளியே வந்தார்கள்.

இந்தக் கட்சியின் நகராட்சி செய்தது என்ன? கல்லூரிகள் தொடங்கியது, பொறியியல் கல்லூரி உட்பட. ஊரின் நேவாரிப் பெயரான 'க்வப' அவற்றின் பலகைகளில் இருக்கிறது. ஆனால் இதன் முத்திரை தெரிவது மராமத்தில்தான்.

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை, நண்பகலுக்கு நான்கு நிமிடம் முன்பு பூமி குலுங்கியது. மாவட்டத்தில் 300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அரண்மனைச் சதுக்கத்தில் வத்சலா தேவியின் கற்கோயில் குவியலாகிவிட்டது. சற்றுத் தள்ளி, 1702-ல் மன்னர் பூபதீந்திர மல்லன் எழுப்பிய ஐந்து கூரை நியாதபோலா கோயில் மேல் கூரைச் சேதத்தோடு நின்றது. அந்தக் கோயில் கட்டியபோது எழுதிய கணக்கேடு இன்றும் இருக்கிறது. யார் யார் வேலைக்கு வந்தார்கள், என்ன பொருள் வந்தது என்று. 300 வருடம் கழித்து நகராட்சி அதே வழியில்தான் போனது. டெண்டர் இல்லை. அந்தந்த டோலில், அதாவது தெருக்கூட்டத்தில், 'உபபோக்தா சமிதி' என்னும் பயனாளர் குழு. பணமும் பொறியாளரும் நகராட்சியிடமிருந்து. கொத்தரும் தச்சரும் ஊரிலிருந்து. மண் சுமக்க அக்கம்பக்கத்தார். காத்மாண்டில் ராணி போக்ரிக் குளத்துக்குள் கான்கிரீட் இறங்கி ஊரே கொந்தளித்துக்கொண்டிருந்த காலத்தில், இங்கே வத்சலா கல்லும் மண்ணுமாக எழுந்தாள். 2018-ல் ஜெர்மனி கொடுக்க வந்த புனரமைப்பு உதவியைக்கூட நகராட்சி வேண்டாம் என்றது. ஒப்பந்தக்காரர், ஆலோசகர் என்று கூடவே வந்த நிபந்தனைகள் பிடிக்கவில்லை.

இதில் ஒரு முரண் உண்டு. இந்த ஊர் இன்று கண்ணுக்கு அழகாக இருப்பதில் ஜெர்மனிக்குப் பெரும் பங்கு. 1974 முதல் 1986 வரை ஜெர்மானியர் இங்கே தெருவுக்குச் செங்கல் பாவி, சாக்கடை போட்டு, மடங்களையும் கோயில்களையும் பழுதுபார்த்தார்கள். சதுக்கத்தில் நிற்கும் எட்டுமூலை மண்டபம் 1934 நிலநடுக்கத்தில் விழுந்து, ஜெர்மன் உதவியில் 1990-ல் மீண்டது. அதன் உடம்புக்குள் இரும்புச் சட்டம் வைத்தபோது மரபைக் கெடுத்தார்கள் என்ற பேச்சு வந்தது. 2015-ல் அந்த மண்டபம் அசையவில்லை. பெற்ற பாடத்தை வைத்துக்கொண்டு குருவை வாசலோடு அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லலாம். எனக்கு அது நன்றிகெட்டதனமாகத் தோன்றவில்லை. தச்சர் இருக்கும் ஊரில் தச்சரைக் கேட்காமல் ஆலோசகரைக் கேட்பானேன்? ஆனால் ஒரே கட்சி, அதன் குழு, அதன் கணக்கு என்று ஆகும்போது கேள்வி கேட்க எதிர்வரிசையில் ஆள் வேண்டும். அது இங்கே மெலிந்துதான் இருக்கிறது.

இந்த மராமத்து வேலைக்கு வேண்டிய பணத்தில் ஒரு பகுதி உங்களிடமிருந்தும் என்னிடமிருந்தும் வருகிறது. ஊருக்குள் நுழையும் வெளிநாட்டவருக்கு நகராட்சி கட்டணம் வைத்திருக்கிறது. சார்க் நாட்டவர் என்பதால் நமக்குக் குறைவு. பெரும்பாலானோர் காலையில் காத்மாண்டிலிருந்து வந்து, நியாதபோலா படியில் படம் எடுத்து, தயிர் தின்று, சாயங்காலத்துக்குள் திரும்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். சீட்டு வாங்கும்போதே தங்கப்போவதைச் சொல்லி அடையாள அட்டையைக் காட்டினால், அதே சீட்டு ஒரு வாரம் செல்லும்.

(அடுத்த வாரம்: ஜனக்பூர்)