குப்பைக்கு மரக்கறி கொடுத்த நகரம்

ஊரை விட்டு வந்த விவசாயக் குடும்பத்தை நகரம் பெரும்பாலும் ஒரு சுமையாகவே பார்க்கிறது. பிரேசில் நாட்டின் தென்பகுதியிலுள்ள குரிட்டிபா நகருக்கும் அத்தகைய குடும்பங்கள் ஏராளமாக வந்து சேர்ந்தன. பரனா மாநிலத்தில் உழவு இயந்திரங்களும் சோயாப் பயிர்ச்செய்கையும் பரவ, கூலி விவசாயிகள் வேலை இழந்தனர். போதாக்குறைக்கு, 1975 ஜூலையில் விழுந்த கடும் உறைபனி அங்குள்ள கோப்பித் தோட்டங்களைக் கருக்கிவிட்டது. பிழைப்புத் தேடிப் பலர் மாநிலத் தலைநகரான குரிட்டிபாவுக்கு வந்தனர். 1970இல் சுமார் 6 இலட்சமாக இருந்த அதன் சனத்தொகை 1991இல் 13 இலட்சத்தைத் தாண்டியது.

வந்தவர்கள் ஆற்றோரங்களிலும் வெற்றுக் காணிகளிலும் குடிசை போட்டார்கள். ஒழுங்கைகள் ஒடுக்கமானவை, குப்பை லொறி உள்ளே போகாது. குப்பை வாய்க்காலில் விழ, எலியும் நோயும் பெருகின. இதற்குப் பல நகரங்கள் கண்ட பரிகாரம் குடிசைகளை இடித்துத் தள்ளுவதுதான். மேயர் ஜைமி லேர்னரின் நிர்வாகம் வேறுவிதமாகக் கணக்குப் பார்த்தது. லொறி நிற்கும் இடத்துக்கு மக்களே குப்பையைக் கொண்டுவந்தால், அதைச் சேகரிக்கும் செலவை அவர்களுக்கே கொடுக்கலாம் அல்லவா? 1989இல் தொடங்கிய இத்திட்டத்தில் குப்பைப் பைகளுக்குப் பதிலாக பஸ் சீட்டும், பின்னர் உணவும் கிடைத்தன.

1991இல் இது விவசாயிகளையும் உள்ளே எடுத்தது. நகரைச் சுற்றியுள்ள சிறு விவசாயிகளிடம் விற்க முடியாத விளைச்சல் மிஞ்சியிருந்தது. (விலை போகாத தக்காளியைத் தோட்டத்திலேயே அழுக விடும் கவலை எமது வாசகர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.) நகரசபை அந்த மிகுதியை வாங்கி, கடதாசி, போத்தல், தகரம் போன்ற மீளப் பயன்படும் பொருட்களில் 4 கிலோ கொண்டுவருவோருக்கு 1 கிலோ மரக்கறி அல்லது பழம் கொடுத்தது. தரம்பிரிக்கும் வேலை வீட்டிலேயே முடிந்துவிடுவதுதான் இதில் முக்கியம். ஈரக்குப்பையோடு கலந்த கடதாசி எதற்கும் உதவாது.

பஸ்ஸிலும் இதே நோக்கைக் காண்கிறோம். கிட்டப் போகிறவருக்கும் தூரப் போகிறவருக்கும் ஒரே கட்டணம் என்றார்கள். தூரப் போகிறவர் பெரும்பாலும் நகரின் ஓரத்தில் குடியிருக்கும் ஏழையே.

குரிட்டிபாவைச் சொர்க்கம் என்று எழுதுவோரும் உளர். நாம் அவ்வாறு சொல்லமாட்டோம். நகர எல்லைக்கு அப்பால் சேரிகள் பெருகின. காணி உறுதியற்ற குடும்பங்கள் இன்றும் உள்ளன. ஆயினும் மரக்கறிப் பரிமாற்றம் 30 ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. பாவித்த சமையல் எண்ணெயையும் ஏற்றுக்கொள்கிறார்கள்: 2 லீற்றருக்கு 1 கிலோ.